கொச்சிக் கடற்காற்றில் ஒரு மதர்போர்டு

கொச்சியில் கேம் விளையாடும் கம்ப்யூட்டருக்குப் பாகங்கள் வாங்குகிறவர்கள் எறணாகுளம் ஷண்முகம் சாலையில் இருக்கும் பென்டா மேனகா வளாகத்தையும் அதைச் சுற்றியுள்ள கடைகளையும்தான் முதலில் நினைப்பார்கள். சென்னையில் ரிச்சி தெருவுக்கு இருக்கிற பெயர் இங்கே அதற்கு உண்டு. பழைய கொச்சிப் பகுதியான மட்டாஞ்சேரியிலிருந்து காயலைத் தாண்டி அங்கே போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, எந்த பிராசசர் வேகமானது என்பதுதான். அது முடிவானபின் கையில் மிஞ்சும் தொகைக்கு ஏதோ ஒரு மதர்போர்டு. பழைய கம்ப்யூட்டரைப் புதுப்பிக்கும்போது இரண்டும் சேர்ந்தே மாற வேண்டியிருப்பதால் இப்படி யோசிப்பது இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் இந்த வரிசை தவறு. முடிவு மதர்போர்டிலிருந்து தொடங்க வேண்டும். ஈரமும் உப்பும் வெப்பமும் ஒன்றுசேர்ந்த மட்டாஞ்சேரி போன்ற ஊரில் அது கட்டாயமாகவே ஆகிவிடுகிறது. இருக்கிற போர்டு நல்ல நிலையில் இருந்து, அதிலேயே மேலான பிராசசர் ஒன்று பொருந்துமானால் போர்டைத் தொடவே வேண்டாம். மாற்றியே தீர வேண்டுமென்றால் பிராசசரில் ஒரு படி இறங்கி, மிச்சமாகும் பணத்தைப் போர்டில் போடுவது நல்லது. ஏன் என்பதற்கு முதலில் பிராசசர் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு கேம் திரையில் நொடிக்கு 60 படம் காட்ட வேண்டுமானால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிநொடி. 144 படம் என்றால் 6.9 மில்லிநொடிதான். அந்த நேரத்துக்குள் இரண்டு வேலைகள் முடிய வேண்டும். யார் எங்கே நகர்ந்தார், குண்டு எதில் பட்டது, எதிராளி அடுத்து என்ன செய்வான் என்பதையெல்லாம் கணக்கிட்டு, எதை எங்கே வரைய வேண்டும் என்ற கட்டளைப் பட்டியலைத் தயாரிப்பது பிராசசரின் வேலை. அந்தப் பட்டியலின்படி வண்ணமும் ஒளியும் நிழலுமாக வரைவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. இரண்டில் எது தாமதிக்கிறதோ அதுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். இதைக் கண்டுபிடிக்கப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. கேமின் அமைப்பில் திரைத் துல்லியத்தை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்கிப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டின் சுமை பாதிக்கு மேல் குறைகிறது. பிராசசரின் சுமை ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. படங்களின் எண்ணிக்கை நன்றாக ஏறினால் இதுவரை தடையாக இருந்தது கிராபிக்ஸ் கார்டு. அந்த நிலையில் புதிய பிராசசர் வாங்கினால் விளையாட்டில் பெரிய மாற்றம் எதுவும் தெரியாது. எண்ணிக்கை அசையாமல் அதே இடத்தில் நின்றால்தான் பிராசசர் திணறுகிறது என்று பொருள். ஐந்து நிமிடத்தில் முடிகிற இந்தச் சோதனையைச் செய்யாமலேயே பல ஆயிரம் ரூபாய்க்கு முடிவெடுக்கிறவர்கள் ஏராளம்.

பிராசசர்தான் தடை என்று தெரிந்தபின்னும், அதிக கோர் உள்ளதை வாங்கினால் தீர்ந்துவிடும் என்பதில்லை. ஐபிஎம்மில் பணிபுரிந்த ஜீன் அம்தால் 1967-இல் காட்டிய ஒரு கணக்கு இன்றும் செல்லும். ஒரு வேலையில் 40 சதவீதம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்யப்பட வேண்டும் என்றால், மீதியை எத்தனை கோர்களுக்குப் பங்கிட்டாலும் மொத்த வேகம் இரண்டரை மடங்கைத் தாண்டாது. கேம்களில் இப்படிப் பங்கிட முடியாத பகுதி கணிசமானது. ஒரு படத்தின் முடிவு தெரியாமல் அடுத்த படத்தைத் தொடங்க முடியாது. எனவே ஆறு அல்லது எட்டு நல்ல கோர்களுக்கு மேல் போகிற ஒவ்வொன்றும் விளையாட்டுக்குத் தருவது மிகக் குறைவு. உண்மையான தாமதம் வேறிடத்தில் இருக்கிறது. 4.5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் பிராசசருக்கு ஒரு சுற்று என்பது 0.22 நானோநொடி. ரேமிலிருந்து ஒரு தகவல் வந்து சேர ஏறத்தாழ 80 நானோநொடி ஆகிறது. அதாவது ஒரு முறை ரேமுக்குப் போய்வருவதற்குள் முந்நூற்றுக்கும் மேற்பட்ட சுற்றுகள் வீணாகிவிடுகின்றன. பிராசசருக்குள்ளேயே இருக்கும் எல்3 கேஷில் அந்தத் தகவல் கிடைத்துவிட்டால் சுமார் 10 நானோநொடி போதும். 2022 ஏப்ரலில் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி இந்த உண்மையின் மேல் கட்டப்பட்டது. அதில் எட்டு கோர்கள்தான். சாதாரண 5800எக்ஸை விட அதன் வேகமும் குறைவு, 4.7-க்குப் பதில் 4.5 கிகாஹெர்ட்ஸ். ஆனால் 32 மெகாபைட்டாக இருந்த எல்3 கேஷின் மேல் இன்னொரு 64 மெகாபைட்டை அடுக்கி 96 ஆக்கினார்கள். பன்னிரண்டு கோர் கொண்ட தங்கள் 5900எக்ஸை விட அது 1080பி கேம்களில் சராசரியாக 15 சதவீதம் வேகமானது என்று அந்த நிறுவனம் அறிவித்தது. வெளியார் செய்த சோதனைகளும் அதை ஒட்டியே அமைந்தன. கோர் எண்ணிக்கையும் கிகாஹெர்ட்ஸும் அட்டையில் பெரிதாக அச்சாகின்றன. விளையாட்டைத் தீர்மானிக்கும் கேஷின் அளவு பெரும்பாலும் சிறு எழுத்தில் இருக்கிறது.

இந்த 5800எக்ஸ்3டி இன்னொரு விதத்திலும் முக்கியமானது. 2017-இல் ஏஎம்4 சாக்கெட் (பிராசசர் போர்டில் உட்காரும் இடம்) கொண்ட போர்டை வாங்கிய ஒருவர், ஐந்து ஆண்டு கழித்து, பயாஸ் என்ற தொடக்க மென்பொருளை மட்டும் புதுப்பித்துவிட்டு அந்தக் காலத்தின் மிகச் சிறந்த கேமிங் பிராசசர்களில் ஒன்றை அதே போர்டில் பொருத்த முடிந்தது. இது தானாக நடந்துவிடவில்லை. 400 தொடர் சிப்செட் போர்டுகளில் ரைசன் 5000 இயங்காது என்று 2020 மே மாதம் ஏஎம்டி சொன்னது. வாங்கியவர்கள் கடுமையாக எதிர்த்ததும் சில நாட்களிலேயே அந்த முடிவை மாற்றிக்கொண்டது. 2022-இல் 300 தொடருக்கும் அந்த ஆதரவு வந்தது. இன்டெல் பக்கத்தில் கதை வேறு. 2011-இல் எல்ஜிஏ 1155, 2013-இல் 1150, 2015-இல் 1151. 2017-இல் அதே 1151 சாக்கெட், ஆனால் எட்டாம் தலைமுறை பிராசசர் பழைய 200 தொடர் போர்டில் ஓடவில்லை. 2020-இல் 1200, 2021-இல் 1700, 2024-இல் 1851. இன்டெல் பிராசசர்கள் மோசமானவை என்று நான் சொல்லவில்லை. அவற்றில் பல அருமையானவை. ஆனால் பிராசசர் ஒரு தடவைக்கான செலவு, சாக்கெட் அடுத்த செலவையும் சேர்த்தே நிர்ணயிக்கிறது என்பதை இந்தப் பட்டியல் காட்டுகிறது.

இனி போர்டின் உள்வேலைக்கு வருவோம். மின் பெட்டியிலிருந்து போர்டுக்கு வருவது 12 வோல்ட். பிராசசருக்கு வேண்டியது சுமார் 1.2 வோல்ட். 140 வாட் இழுக்கும் பிராசசர் ஒன்றுக்கு அந்தக் குறைந்த வோல்ட்டில் 115 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் போக வேண்டும். வீட்டில் ஏசிக்குப் போடும் தடித்த வயரில் ஓடுவதைப் போலப் பல மடங்கு இது. இந்த மாற்றத்தைச் செய்வது சாக்கெட்டைச் சுற்றி வரிசையாக இருக்கும் விஆர்எம் சுற்று: மாஸ்ஃபெட்டுகள், சுருள்கள், கெபாசிட்டர்கள். அதன் திறன் 90 சதவீதம் என்று வைத்தாலும் பதினைந்து வாட்டுக்கு மேல் அங்கேயே வெப்பமாகிறது. நல்ல போர்டில் அந்த வெப்பம் எட்டுப் பத்துக் கட்டங்களுக்குப் பிரிந்து, மேலே அலுமினியத் தகடும் இருக்கும். மலிவான போர்டில் நான்கு கட்டங்கள், தகடும் இல்லை. இரண்டிலும் கேம் ஒரே வேகத்தில்தான் ஓடும் என்று வெளிநாட்டுச் சோதனைகள் காட்டுவது உண்மைதான். ஆனால் அந்தச் சோதனைகள் 22 டிகிரி அளவிலான அறையில், பெட்டியைத் திறந்த முதல் வாரத்தில் நடப்பவை.

மட்டாஞ்சேரியில் மார்ச், ஏப்ரல் மாத மாடியறை 33 டிகிரிக்குக் குறையாது. காற்றால் குளிரவைக்கும் எந்தக் கருவியும் சுற்றியுள்ள காற்றை விட இத்தனை டிகிரி மேலே என்றுதான் நிற்கும். சோதனைச்சாலையில் 75 டிகிரி காட்டிய பிராசசர் இங்கே 86 காட்டும். அங்கே 90 காட்டியது இங்கே தன் எல்லையைத் தொட்டு வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். உச்சத்தில் 253 வாட் இழுக்கும் கோர் ஐ9 14900கே போன்ற பிராசசருக்குப் பணம் கொடுத்து, அதன் வேகத்தில் ஒரு பகுதியை அறை வெப்பத்துக்கே திருப்பிக் கொடுக்க வேண்டியிருப்பது இந்த ஊரின் நிலை. பெரிய கேஷ் கொண்ட ஏஎம்டியின் 7800எக்ஸ்3டி கேமில் அதைவிட மிகக் குறைந்த மின்சாரத்தில் அதே வேலையைச் செய்கிறது என்பதால், வெப்பப் பிரதேசத்துக்கு அந்த வகை இன்னும் பொருந்துகிறது. கெபாசிட்டர்களின் கணக்கும் இதே திசையில்தான். திரவ மின்பகுளி கொண்ட கெபாசிட்டரின் ஆயுள் வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பது மின்னணுப் பொறியாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் விதி. 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் உலகெங்கும் லட்சக்கணக்கான போர்டுகளில் கெபாசிட்டர்கள் வீங்கி வெடித்தது பலருக்கு நினைவிருக்கும். இன்றைய போர்டுகளில் திடப் பாலிமர் கெபாசிட்டர்கள் வந்துவிட்டன, அவை நெடுநாள் உழைக்கும். ஆனாலும் வெப்பம் ஆயுளைத் தின்னும் என்ற விதி அவற்றுக்கும் உண்டு.

வெப்பத்தை விடக் கொடியது உப்பு. மட்டாஞ்சேரிக்குக் கிழக்கே ஒட்டியபடி உவர்நீர்க் காயல், மேற்கே நடந்து போகும் தூரத்தில் அரபிக்கடல். ஆண்டு மழை 3000 மில்லிமீட்டர் அளவில். இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழை தொடங்கி ஜூன், ஜூலை மாதங்களில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறது. மிளகையும் சுக்கையும் ஈரம் பார்த்து விலை பேசுகிற வணிகர்களின் ஊருக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காய்ந்து உப்புத் துகளாகக் காற்றில் மிதக்கின்றன. கம்ப்யூட்டரின் விசிறிகள் ஒவ்வொரு நிமிடமும் அந்தக் காற்றை உள்ளே இழுத்து, தூசியோடு உப்பையும் போர்டின் மேல் படியவைக்கின்றன. காய்ந்த உப்பு தீங்கற்றது. அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் சோடியம் குளோரைடுக்கு ஒரு எல்லை உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் அது காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைந்து உப்புக் கரைசலாகிவிடும். மழைக்காலத்தில் அடுக்களை ஜாடியில் கல்லுப்பு நீர் விடுவது இதனால்தான். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம், 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீரை இழுத்துக்கொள்ளும். அந்தக் கரைசல் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். போர்டின் மேல் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் இரண்டு உலோக முனைகள், ஒன்றில் 5 வோல்ட், மற்றதில் பூஜ்யம், நடுவே ஒரு படலம் உப்புநீர். இவ்வளவு போதும்: ஒரு முனையின் உலோகம் அயனியாகக் கரைந்து மறுமுனையை நோக்கி நகர்ந்து, அங்கே கிளைகிளையாக உலோக இழையாய் வளரத் தொடங்குகிறது. இழை இரு முனைகளையும் தொட்டுவிட்டால் குறுக்குச்சுற்று. சில நேரம் அந்த இழை உடனே எரிந்துபோய்விடும். கம்ப்யூட்டர் காரணமே இல்லாமல் ஒரு நாள் அணைந்து, மறுநாள் சரியாக ஓடி, பின்னர் ஒருநாள் எழுந்திருக்காமலேயே போவதற்கு இது ஒரு காரணம். ரேமையும் பவர் சப்ளையையும் மாற்றி மாற்றிப் பார்த்தும் குறை பிடிபடாது.

இதில் எல்லோரும் கவனிக்கத் தவறுகிற ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் இந்தத் தாக்குதலிலிருந்து பெருமளவு தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. 28 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, 40 டிகிரி சூட்டில் இருக்கும் போர்டைத் தொடும்போது அந்த இடத்தில் அதன் ஈரப்பதம் 45 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். நீரின் அளவு மாறவில்லை. சூடான காற்றால் அதிக நீரைத் தாங்க முடிகிறது, அவ்வளவுதான். மக்னீசியம் உப்பு முழுக்க உலராது என்றாலும் படலம் வெகுவாக வற்றிவிடும். ஆபத்து அணைத்து வைத்த கம்ப்யூட்டருக்குத்தான். அதிலும், கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்துவிட்டுச் சுவர் சுவிட்சை அப்படியே விட்டுவிட்டால், பவர் சப்ளை போர்டுக்கு 5 வோல்ட் ஸ்டேண்ட்பை மின்சாரத்தைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டேயிருக்கும். சூடு இல்லை, ஈரம் இருக்கிறது, வோல்ட்டும் இருக்கிறது. உலோக இழை வளர இதைவிடத் தோதான நிலை வேறில்லை. சுவர் சுவிட்சை அணைத்தால் போர்டில் மிஞ்சுவது நாணய பேட்டரியின் 3 வோல்ட் மட்டும்.

ஏசி அறையில் வைத்தால் போகிறது என்று ஒருவர் சொல்லலாம். நாள் முழுவதும் ஏசி ஓடுகிற அறைக்கு அது சரியான பதில். ஏசி வெப்பத்தோடு ஈரத்தையும் எடுத்துவிடுகிறது. வீடுகளில் நடப்பது வேறு. இரவு மூன்று நான்கு மணி நேரம் 22 டிகிரியில் ஓடவிட்டு, அணைத்துவிட்டு, காலையில் சன்னலைத் திறக்கிறார்கள். முன்னே சொன்ன 28 டிகிரி, 85 சதவீதக் காற்றின் பனிநிலை 25 டிகிரி. அதாவது 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பின் மேலும் அந்தக் காற்று நீராகப் படியும். தடித்த அலுமினியத் தகடுகளும் உலோகப் பெட்டியும் மெதுவாகத்தான் சூடேறும் என்பதால், திறந்த சன்னல் அருகே அணைந்து கிடக்கும் கம்ப்யூட்டர் உள்ளுக்குள் வியர்க்கக்கூடும். அரைகுறையாகப் பயன்படுத்தப்படும் ஏசி, ஏசியே இல்லாத அறையை விடப் போர்டுக்குக் கெடுதல் செய்யக்கூடும்.

இன்னொரு எதிர்வாதம் இதைவிடக் கனமானது. போர்டு துருப்பிடிப்பதற்கு முன்பே அது காலாவதியாகிவிடும், பிறகு ஏன் அதில் பணம் போட வேண்டும்? மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மாற்றுகிற வசதி உள்ளவர்களுக்கு இந்த வாதம் பொருந்தும். ஆனால் ஏஎம்4-இன் அனுபவம், ஒரு போர்டு ஏழெட்டு ஆண்டு உயிரோடு இருந்தால் அதன் உரிமையாளருக்கு எவ்வளவு மிச்சம் என்பதைத் தெளிவாகக் காட்டிவிட்டது. ரைசன் 5 1600-உடன் தொடங்கி, ரைசன் 5 5600-க்கோ 5700எக்ஸ்3டி-க்கோ போனவர் செலவழித்தது பிராசசரின் விலை மட்டும். போர்டு நடுவழியில் செத்துப்போனவருக்கு அந்த வாய்ப்பு எளிதாகக் கிடைக்காது. பழைய சாக்கெட்டுக்குப் புதிய போர்டு தேடினால் பல நேரம் கிடைப்பதில்லை. கிடைப்பது யாரோ கழற்றிப் போட்டதாக இருக்கலாம். நல்ல போர்டு அமையாவிட்டால் அவர் பிராசசர், போர்டு, ரேம் மூன்றையும் சேர்த்து வாங்க வேண்டும். இன்று அந்த ரேமின் விலைதான் பெரிய அடி. 2025-இன் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால், புதிய சாக்கெட்டுகளுக்கு வேண்டிய டிடிஆர்5 ரேமின் விலை மடங்குக் கணக்கில் ஏறியது; க்ரூஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்திலிருந்தே விலகுவதாக டிசம்பரில் அறிவித்தது. வீட்டில் 16 ஜிபி டிடிஆர்4 வைத்திருப்பவருக்கு, அது பொருந்துகிற போர்டு உயிரோடு இருப்பது இப்போது ஒரு சொத்து.

அப்படியென்றால் விலை கூடிய போர்டாகப் பார்த்து வாங்க வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. உச்ச விலைப் போர்டுகளில் நாம் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி வண்ண விளக்குக்கும், திரைக்கும், ஒருவர் ஒருபோதும் பயன்படுத்தாத இணைப்புகளுக்கும் போகிறது. உப்பிலிருந்து அவை கூடுதலாகக் காப்பதில்லை. பி650, பி760 போன்ற நடுத்தர சிப்செட் வரிசையில், விஆர்எம் மேல் இரண்டு பக்கமும் உலோகத் தகடு, திடக் கெபாசிட்டர்கள், பிராசசர் இல்லாமலேயே பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான், விசிறிகளுக்கு நான்கைந்து இணைப்பு ஆகியவை இருந்தால் போதுமானது. கிராபிக்ஸ் கார்டுக்கான பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியையும் பார்க்க வேண்டும். 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்ற கார்டு நான்கே தடங்களில் பேசுவது. பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 மட்டுமே உள்ள பழைய போர்டில் அதன் வேகம் கண்கூடாகச் சரிந்தது. இன்றும் எட்டுத் தடங்கள் மட்டுமே உள்ள கார்டுகள் நடுத்தர விலையில் நிறைய விற்கின்றன. பயாஸ் விஷயத்தை அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இரண்டு பாடங்கள் அண்மையிலேயே கிடைத்தன. 2023-இல் சில 7800எக்ஸ்3டி பிராசசர்கள் போர்டோடு சேர்ந்து கருகின. சில போர்டுகள் அதற்கு மிகுதியான வோல்ட் கொடுத்ததால், அந்த வோல்ட்டை 1.3-க்கு மேல் போகவிடாத பயாஸ்களை வெளியிட வேண்டியதாயிற்று. 2024-இல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை பிராசசர்கள் பல மிகை வோல்ட்டால் நிலைகுலைந்தன. அதற்கும் மருந்து மைக்ரோகோடு திருத்தமாகப் பயாஸ் வழியாகத்தான் வந்தது, வாரண்டியும் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. இரண்டிலும் பிராசசரின் உயிர் போர்டு கொடுத்த வோல்ட்டில் இருந்தது. பயாஸைத் தொடர்ந்து வெளியிடாத தயாரிப்பாளரின் போர்டை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்கக் கூடாது.

மலிவு என்றதும் எக்ஸ்99 போர்டுகளைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பழைய சர்வர்களிலிருந்து கழற்றிய ஜியான் இ5 வி3 பிராசசரோடு, சீனாவில் தயாரான பெயர் தெரியாத எக்ஸ்99 போர்டையும் சேர்த்து, பன்னிரண்டு கோர் என்று சொல்லி இந்தியா முழுவதும் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். வீடியோ தொகுப்புக்கு ஒருவேளை உதவலாம். கேமுக்கு, அம்தால் கணக்கின்படி, 2014-ஆம் ஆண்டின் மெதுவான ஒற்றைக் கோர்தான் எல்லை. விண்டோஸ் 11 அந்தப் பிராசசரை அதிகாரப்பூர்வமாக ஏற்பதில்லை. பயன்படுத்திய சிப்செட்டை மறுபடி ஒட்டிய போர்டுகளும் அவற்றில் உண்டு. கடற்கரை ஊரில் அதன் ஆயுளுக்கு யாரும் உறுதி சொல்ல முடியாது. பணம் குறைவாக உள்ள இளைஞர்களே இதை அதிகம் வாங்குகிறார்கள் என்பதுதான் வருத்தம். அதே பணத்தில் நல்ல நிலையில் உள்ள பழைய ஏஎம்4 போர்டும் ஆறு கோர் ரைசனும் தேடினால், கேம் அதில் நன்றாகவே ஓடும்.

பழைய போர்டு வாங்குகிறவர் தன் கண்ணை நம்ப வேண்டும். பின்பக்க யூஎஸ்பி துளைகளின் உலோகம் மங்கிப் புள்ளி விழுந்திருந்தாலும், திருகுத் துளைகளைச் சுற்றி வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தாலும் அந்தப் போர்டு கடற்காற்றில் வாழ்ந்தது. சாக்கெட்டில் ஊசிகள் உள்ள வகை என்றால் (ஏஎம்4-க்குப் பின் வந்த ஏஎம்5-இல் 1718 ஊசிகள், இன்டெல்லின் புதியதில் 1851), மொபைல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து எல்லாம் ஒரே வரிசையில் மின்னுகின்றனவா என்று கவனிக்க வேண்டும். துருவையும் நீர்ச் சேதத்தையும் வாரண்டி பொதுவாக ஏற்பதில்லை என்பதால், புதுப் போர்டு வாங்குகிறவருக்கும் இந்தப் பழக்கம் தேவை.

இந்த வாதத்தை மட்டாஞ்சேரியில் இன்று முடிவெடுக்க வேண்டிய இருவருக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஒருவரிடம் ஏஎம்4 சாக்கெட் கொண்ட பி450 போர்டும் ரைசன் 5 2600-உம் இருக்கின்றன. போர்டில் துரு இல்லை என்றால் அவர் செய்ய வேண்டியது பயாஸைப் புதுப்பித்து 5600 அல்லது 5700எக்ஸ் வாங்குவது மட்டும். பெரிய கேஷ் கொண்ட ஏஎம்4 பிராசசர்கள் புதிதாகக் கிடைப்பது அரிதாகிவிட்டது. நியாயமான விலையில் கண்ணில் பட்டால் எடுத்துக்கொள்ளலாம், அதற்காகக் காத்திருக்க வேண்டாம். மற்றவரிடம் இருப்பது ஏழாம் தலைமுறை கோர் ஐ5. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே அதிகாரப்பூர்வமாக இறங்காது.  அவருக்குப் போர்டை மாற்றுவது தவிர வழியில்லை. அவர் நடுத்தர ஏஎம்5 போர்டு ஒன்றை எடுத்து, அதில் ஆறு கோர் ரைசனைப் பொருத்திக்கொள்வது சரியான முடிவு. ஏஎம்5 சாக்கெட்டை 2027-க்கும் அப்பால் கொண்டுபோவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. நிறுவனத்தின் வாக்கை மட்டும் நம்பி வாங்க முடியாது என்று யாரும் சொன்னால் அதை ஒப்புக்கொள்கிறேன். 2020-இல் அது தடுமாறியதை மேலே பார்த்தோம். ஆனால் அந்த வாக்கு பொய்த்தாலும் இன்றே சந்தையில் இருக்கும் 9800எக்ஸ்3டி அந்தப் போர்டில் பொருந்தும். மூன்று நான்கு ஆண்டுக்குப் பின் விலை இறங்கிய நிலையில் அதை வாங்க முடியும் என்ற ஒன்றே போதுமான காரணம்.

கடற்கரையில் வாழ்கிறவர்கள் கொச்சியில் மட்டும் இல்லை. எண்ணூர் முதல் தூத்துக்குடி வரை, நாகப்பட்டினத்திலும் ராமேசுவரத்திலும், அங்கே கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இதே காற்றுதான். கார்களிலும் கப்பல்களிலும் போகும் மின்னணுப் பலகைகளுக்கு அக்ரிலிக், சிலிகான் போன்ற மெல்லிய காப்புப் பூச்சு அடிக்கிறார்கள். உப்புத் தூவல் சோதனைக்கும் பன்னாட்டுத் தர விதிகள் உள்ளன. கேமிங் போர்டில் வண்ண விளக்குக்குச் செய்யும் செலவில் சிறு பகுதியை இதற்குத் திருப்பினால் கோடிக்கணக்கான கடலோர வீடுகளுக்குப் பயன்படும். அதுவரை வீட்டில் நாமே ஸ்பிரே அடித்துக்கொள்ள முயல வேண்டாம். சாக்கெட்டிலும் ரேம் துளையிலும் அது புகுந்தால் போர்டு அதோடு முடிந்தது, வாரண்டியும் போய்விடும். இந்திய மொழிகளில் பாகங்களைச் சோதித்துச் சொல்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு முறையாவது 33 டிகிரி அறையில், 80 சதவீத ஈரத்தில், ஆறு மாதம் ஓடிய போர்டைத் திறந்து காட்டுங்கள். எங்கள் முடிவுகளுக்குப் பயன்படும் அளவீடு அதுதான். வாங்கியவர்களுக்குச் சொல்ல வேண்டியது சுருக்கமானது: மே மாதக் கடைசியில், மழை இறங்கும் முன், பெட்டியைத் திறந்து தூசியை மென்தூரிகையால் அகற்றுங்கள், மழை மாதங்களில் தினமும் ஒரு மணி நேரமாவது கம்ப்யூட்டரை ஓடவிடுங்கள், நிறுத்தியபின் சுவர் சுவிட்சையும் அணையுங்கள்.